முதல் தண்ணீரில் வந்த மீன்

கன்னிக்கோனை ஏரியில் ஆளுயர வாளை மீன் இருப்பது சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் தெரியும். புத்தியுள்ளவர்கள் தூண்டிலில் தவளையைக் குத்திப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள். மரத்தில் செய்த மீனைப் படகுக்குப் பின்னால் கட்டி, ஏரி முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தவர் சுந்தர்ராஜ் வாத்தியார் ஒருவர்தான்.

ஏரி நகரி மலையின் மேலே, இரண்டு முகடுகளுக்கு நடுவே கிடந்தது. சித்திரை வெயிலிலும் தண்ணீரில் கால் வைத்தால் சில்லென்று இருக்கும். சந்திரகிரியில் ராஜாக்கள் இருந்த காலத்துக் கரை என்பார்கள். எந்த ராஜா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். கரையின் தெற்கு ஓரத்தில் கல்லால் கட்டிய தூம்பு இருந்தது. அதை அடைத்திருக்கும் கட்டையை மேலிருந்து ஒரு நீளக் கம்பால் தூக்கினால், ஏரித் தண்ணீர் கரைக்கு அடியில் புகுந்து, கல் பாவிய கால்வாயில் விழுந்து, மலையடியில் இருக்கும் கோனைமேடு ஊருக்கு ஓடும். அந்த ஊரின் சோறு அந்தத் தூம்பு வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

வாத்தியாரின் பைத்தியம் நீலகிரியில் பிடித்தது. இளவயதில் அவர் ஒரு மிஷன் டாக்டர் துரைக்குப் படகு தள்ளியவர். துரை கோடைக்கு ஊட்டிப் பக்கம் போவார். அங்கே மேல்மலை ஏரிகளில் டிரவுட் என்று ஒரு மீன். உயிருள்ள இரையைக் காட்டி அதைப் பிடிப்பது மரியாதை இல்லை என்பது துரையின் கட்சி. பித்தளைத் தகடு, மரமீன் என்று பொய் இரைகளைத் தூண்டில் நரம்பில் கட்டி, படகை மெல்லத் தள்ளச் சொல்லி, பின்னால் இழுத்துக்கொண்டே போவார். சுதந்திரம் வந்ததும் துரை ஊருக்குப் போனார். போகும்போது சின்னப் படகையும் தகரப் பெட்டி நிறையப் பொய் இரைகளையும் வாத்தியாரிடம் கொடுத்துவிட்டார். புத்தூரில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு கௌரவமாக இருந்திருக்க வேண்டிய மனிதர், படகை மாட்டுவண்டியிலும் ஆள் தோளிலுமாக மலைக்கு ஏற்றினார்.

இரைகளுக்கு அவர் வேதாகமத்திலிருந்து பெயர் வைத்திருந்தார். ஆழத்துக்குப் போகும் பித்தளைத் தகடு யோனா. விரல் நீளத்தில் குள்ளமாக இருந்தது சகேயு. எல்லாவற்றிலும் அவருக்குச் செல்லம் மார்த்தாள். ஓயாமல் உழைப்பவள் என்பதால் அந்தப் பெயர். மரத்தில் கடைந்து, வெள்ளிப்பூச்சு பூசி, கண்ணாடிக் கண் வைத்த மீன். வயிற்றிலும் வாலிலும் மும்முனைக் கொக்கிகள். இழுத்தால் தலையை ஆட்டிக்கொண்டு நீந்தும். விட்டால் மிதக்கும். தண்ணீருக்குள் அதைப் பார்த்தால் பிறந்து வளர்ந்த மீனவனும் மீன் என்றுதான் சொல்வான்.

தனியாக இந்த வேலையைச் செய்வதில் ஒரு தொல்லை உண்டு. துடுப்புப் போடுகிறவன் படகின் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். போகிற திசைக்கு முதுகுதான். தூண்டில் கோலைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, அதன் நுனி துடிக்கிறதா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே தள்ள வேண்டும். எதிரே என்ன இருக்கிறது என்பது அப்போது முதுகுக்குத்தான் தெரியும். அதனால் பெரும்பாலான சனிக்கிழமைகளில் ஏகாம்பரம் கூடப் போவான்.

ஏகாம்பரம் அந்த ஏரியின் நீர்கட்டி. தூம்பைத் திறப்பதும் அடைப்பதும் அவன் குடும்பத்துப் பாத்தியம். "மரத்தைத் துன்ன வர்ற மீனுக்கு மூளை இருக்குமா வாத்தியாரே?" என்று கேட்டுக்கொண்டே துடுப்புப் போடுவான். பெரிய வாளை தூம்புப் பள்ளத்தில்தான் படுத்திருக்கிறது என்று காட்டிக் கொடுத்தவனும் அவன்தான். "ஆனா ஒண்ணு. நான் கூவுனா அந்தாண்ட போயிடணும். தூம்பு தொறந்தா சுழி இழுக்கும். போன வருசம் எருமைக்கன்னு ஒண்ணு உள்ள போச்சு, எலும்பாத்தான் வெளிய வந்துச்சு."

திறப்பதற்கு முன் அவன் கரைமேல் நின்று, "தண்ணி எடுக்கறேன்! தண்ணியோ!" என்று கூவுவான். இரண்டு முகட்டிலும் அது மோதித் திரும்பும். அந்தக் குரலை நம்பித்தான் மாடு குளிப்பாட்டுகிறவர்களும், துணி துவைக்கிறவர்களும், வாத்தியாரும் அந்த ஏரியில் பயமில்லாமல் இருந்தார்கள்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் அந்தக் குரல் வராது. அறுவடைக்குப் பின் மூடிக் கிடக்கும் தூம்பை ஆடியில் முதல்முறை திறக்கும் நாள். அன்று நீர்கட்டி மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொள்வான். கீழே ஊர் எல்லையில் கன்னியம்மன் கல்லை முதல் தண்ணீர் தொடும்வரை ஒரு சத்தம் வரக்கூடாது. கல்லருகே கால்வாயில் இறங்கி நிற்கும் அவன் மனைவியும் வாய் திறக்கக்கூடாது. முதல் நாளே கால்வாயைத் துடைப்பம் போட்டுக் கூட்டி வைத்திருப்பார்கள். தண்ணீர் முதன்முதலாக எதைக் கொண்டுவருகிறதோ, அதை அவள் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். நத்தை வந்தால் நல்லது. மீன் வந்தால் வீட்டில் பிள்ளை நிலைக்கும். இன்னொன்றும் உண்டு. அந்த நேரத்தில் மலைப்பக்கமிருந்து யார் குரல் கேட்டாலும் திரும்பக்கூடாது. விரதத்தைக் கெடுக்க மோகினி, நீர்கட்டியின் குரலிலேயே கூப்பிடும்.

தண்டோராவுக்குப் பிறகுதான் அந்த நாள் வரும் என்பதால் ஒருவரும் ஏரிப்பக்கம் போகமாட்டார்கள். ஆபத்து நடந்ததில்லை.

விரதம் உடைந்தது மட்டும் ஒருமுறை நடந்தது. ஏகாம்பரத்தின் அண்ணன் திருமலை நீர்கட்டியாக இருந்தபோது, காலடியில் பாம்பு ஓடியதும் "ஐயோ" என்றுவிட்டான். அந்த மாதமே அவன் தொட்டில் பிள்ளை போயிற்று. பேதி என்றார் டாக்டர். ஊர் டாக்டரைக் கேட்கவில்லை. திருமலை ஊரைவிட்டு எங்கோ போனான். வேலை ஏகாம்பரத்திடம் வந்தது.

இப்போது ஏகாம்பரத்தின் மனைவி சந்திரம்மா நிறைமாதமாக இருந்தாள். முன்னே இரண்டு பிள்ளைகள் பிறந்து மூச்சுவிடாமல் போயிருந்தன. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சில்லை, வேறு கனவில்லை.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து சில வருஷமாகியும் எல்லைச் சண்டை ஓயாத காலம் அது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று டீக்கடைக்கு டீக்கடை ஒரு படம் வரைந்தார்கள். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் திங்கட்கிழமை ஏரியைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. கோனைமேட்டின் கிராம முன்சீப் கோவர்த்தனன் செய்தி வந்த மாலையே நாலு பேரைக் கூட்டினார்.

"வர்றவன் கண்ணுக்கு நம்ம வயல்ல தண்ணி நிக்கணும். யாரு பாசனமோ அவன் ஏரி. ஆடி வர்றவரைக்கும் காத்துகினு இருந்தா, ஏரி அந்தாண்ட பூடும். சனிக்கிழம காலைல தொறக்கறோம்."

"தண்டோரா?" என்றான் ஏகாம்பரம்.

"தண்டோரா போட்டா மலைக்கு அந்தாண்ட ஊர்க்காரன் தடியத் தூக்கிகினு வந்து நிப்பான். மூச்சு வுடக்கூடாது. யாருகிட்டயும்." முன்சீப் அவனையே பார்த்துச் சொன்னார். "உன் வாத்தியாருகிட்டயும்தான்."

ஏகாம்பரத்துக்கு அது பிடிக்கவில்லை. அம்மன் காரியத்தை அதிகாரிக்காக முன்னுக்கு இழுப்பதா? ஆனால் ஊர் ஒரு பக்கம் நிற்கும்போது நீர்கட்டி எங்கே போய் நிற்பான்?

வியாழக்கிழமை நகரி சந்தையில் வாத்தியாரே எதிரில் வந்துவிட்டார். ஏகாம்பரத்துக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவரே, "இந்த சனிக்கிழம வரமாட்டேன் ஏகாம்பரம். சித்தூர்ல சபைக் கூட்டம். பெரிய வாளைய நீ பாத்துக்க, அடுத்த வாரம் மார்த்தாள் வந்து விசாரிப்பா" என்று சிரித்தார்.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "உன் மரக்கட்டைக்கு சலாம் சொல்லு வாத்தியாரே" என்று நடந்தான்.

சனிக்கிழமை விடியும்போது சந்திரம்மா அவன் வாயில் மஞ்சள் துணியைக் கட்டினாள். முடிச்சை இரண்டுமுறை இழுத்துப் பார்த்தாள்.

"மாமா, பாம்பு வரட்டும், புலி வரட்டும். வாயத் தொறக்காத. உங்க அண்ணன் மாதிரி பண்ணிடாத. எனக்கு இது ஒண்ணுதான்." அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது. அவன் தலையை ஆட்டினான். பிறகு அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

கரையில் கற்பூரம் கொளுத்தினார்கள். மேளம் இல்லை, பறை இல்லை. ஏரி அசையாமல் கிடந்தது. வழக்கமாகக் கத்தும் மயில்கூட அன்று கத்தவில்லை. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஏகாம்பரம் தூம்பு மேடையில் ஏறிக் கம்பை அசைத்து அசைத்துத் தூக்கினான். அடியில் ஏரி ஒருமுறை பெருமூச்சு விட்டது. கட்டையோடு கம்பு மேலே வந்தது. முதல் தண்ணீரில் அதைக் குளிப்பாட்டுவது முறை என்பதால், முன்சீப்பும் மற்றவர்களும் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு குறுக்கு வழியாக ஊருக்கு இறங்கிப் போனார்கள். தண்ணீர் கல்லைத் தொட்டதும் கீழே வேட்டு போடுவார்கள். அதுவரை நீர்கட்டி கரையில் தனியாக நிற்க வேண்டும்.

தூம்புக்கு மேலே தண்ணீர் குழிந்து சுற்ற ஆரம்பித்தது. முதலில் தட்டளவு. பிறகு வண்டிச்சக்கரம் அளவு.

அப்போதுதான் வடக்குக் கரை நாணலிலிருந்து படகு வெளியே வந்தது.

ஏகாம்பரம் முதலில் நம்பவில்லை. சித்தூர் ரோட்டில் மறியல், பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், சபைக் கூட்டம் ரத்து என்பதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்? கிடைத்த நாளை வீணாக்குவானேன் என்று வாத்தியார் வடக்குப் பாதையில் ஏறி வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் துண்டு, தூம்புக்கு முதுகு. துடுப்புகள் நிதானமாக எழுந்து விழுந்தன. படகு நேராகத் தூம்புப் பள்ளத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. பின்னால் தண்ணீருக்கு அடியில் மார்த்தாள் தலையை ஆட்டிக்கொண்டு வந்திருப்பாள்.

ஏகாம்பரம் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான். முதுகுக்குக் கண் உண்டா? துண்டை அவிழ்த்து வீசினான். கல்லை எடுத்து எறிந்தான். அது படகுக்கு வெகுதூரம் முன்னாலேயே விழுந்தது. மீன் துள்ளியதாக நினைத்தாரோ என்னவோ, வாத்தியார் இன்னும் உற்சாகமாகத் தள்ளினார். சுழியின் ஓரத்து நுரை படகை நோக்கி நீண்டது.

தூம்பை அடைக்கலாம் என்றால் கட்டை ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. நீந்திப் போகலாம் என்றால் நடுவில் சுழி. வாய் ஒன்றுதான் மிச்சம்.

அவன் உள்ளங்கையில் பிள்ளை உதைத்த இடம் இன்னும் இருந்தது. அண்ணன் வீட்டுத் தொட்டில் கண்ணுக்கு முன் வந்தது. கத்தாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஏரியில் விழுந்து செத்தார் என்பார்கள். கத்தினால் இவன் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். அம்மனுக்குத் தெரியும். கன்னியம்மா, நீ பொம்பளைதானே, உனக்கும் இரக்கம் இருக்காதா என்று உள்ளே கதறினான். சுழி மட்டும் சத்தம் போட ஆரம்பித்தது. படகின் மூக்கு மெல்லத் தானாகத் திரும்பியது.

ஏகாம்பரம் துணியைப் பிய்த்தான்.

"வாத்தியாரே! தண்ணி! தண்ணி எடுத்தாச்சு! இந்தாண்ட வா, கரைக்கு வா!"

இரண்டு முகடும் அதைத் திருப்பிச் சொல்லின. வாத்தியார் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். சுழியைக் கண்டார். ஒற்றைத் துடுப்பை ஊன்றிப் படகைக் கரைப்பக்கம் திருப்பினார். திரும்பிய வேகத்தில் பின்னால் வந்த நரம்பு வளைந்து சுழிக்குள் போயிற்று. தூண்டில் கோல் வில்லாக வளைந்தது. அந்த உயிர் போகிற நேரத்திலும் அந்த மனிதர் துடுப்பைப் போட்டுவிட்டுக் கோலைப் பிடித்தார்.

"வாளை, ஏகாம்பரம்! மார்த்தாள் புடிச்சிட்டா!"

"வாளையும் இல்ல ஒண்ணும் இல்ல, தூம்பு இழுக்குது! உடுய்யா கோலை!"

நரம்பு தூம்புக் கல்லில் உரசி அறுந்தது. வாத்தியார் மல்லாந்து விழுந்தார். படகு ஒருமுறை சுற்றிக் கரைக்கு எட்டும் தூரம் வந்தது. ஏகாம்பரம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். ஆளில்லாத படகு குப்புறக் கவிழ்ந்து தூம்பு மேடையில் மோதிப் பிளந்தது.

கொஞ்சநேரம் இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். ஏகாம்பரம் நண்பனின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். அடித்துக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷமும், என்ன செய்துவிட்டேன் என்ற பயமும் ஒன்றாக வந்து அவனுக்கு அழுகை முட்டியது. கழுத்தில் மஞ்சள் துணி ஈரமாகத் தொங்கியது.

வாத்தியாருக்கு அதன் அர்த்தம் தெரியாது. தண்ணீரைத் துப்பிவிட்டு, "கர்த்தர் உன் வாயில வந்தாரு ஏகாம்பரம்" என்றார். பிறகு, அவ்வளவு பெரிய மனிதர், சின்னப்பிள்ளையாக உதட்டைப் பிதுக்கினார். "மார்த்தாள் பூட்டா."

"எங்க?"

"எங்கன்னா? தூம்புக்குள்ளதான். மெதக்கற ஜாதி. நேரா உங்க ஊருக்குப் போய்க்கினு இருப்பா."

ஏகாம்பரம் எழுந்தான். கூட்டித் துடைத்த கால்வாய். வேட்டு இன்னும் கேட்கவில்லை. மிதக்கிற மீன். தண்ணீரில் கால் வைத்து நிற்கும் சந்திரம்மா. மீன் வந்தால் பிள்ளை நிலைக்கும்.

"ஐயோ!" என்று அவன் ஓடினான்.

கால்வாய் பாறைச் சரிவில் நேராக இறங்கும். ஒற்றையடிப் பாதை அதைச் சுற்றிச் சுற்றி இறங்கும். கள்ளிமுள் கிழிப்பதையும் பார்க்காமல் ஓடினான். ஒவ்வொரு திருப்பத்திலும் தண்ணீர் அவனுக்கு முன்னால் இருந்தது. கடைசித் திருப்பத்தில் ஊர் எல்லை தெரிந்தது. மஞ்சள் பூசிய கல். பெண்கள் கூட்டம். அவர்களுக்கு முன்னால், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, கால்வாய்க்குள் சந்திரம்மா.

"சந்திரம்மா! தொடாத! அது மீனில்ல! தொடாதடி!"

கல்லருகே நின்ற மருத்துவச்சி கிருஷ்ணம்மா முதலில் கேட்டாள். உடல் சிலிர்த்தது அவளுக்கு. "கொரலு வருது. அவன் கொரலாட்டமே வருது பாரு. யாரும் திரும்பாதீங்கடி. சந்திரம்மா, நீ தண்ணியப் பாரு."

சந்திரம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் குரல் எது என்று தெரியாதவளா? ஆனாலும் வாயைக் கட்டி முடிச்சுப் போட்டது தன் கைதானே என்று நினைத்தாள். அவன் திறக்கமாட்டான். இது மோகினிதான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நுரையைத் தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் வந்தது. சருகில்லை, நத்தையில்லை. நுரைக்கு நடுவே தலையை ஆட்டிக்கொண்டு வெள்ளியாக ஒரு மீன். அவள் முகம் மலர்ந்ததை அங்கிருந்த எல்லாரும் பார்த்தார்கள். உயிர்மீன் வழுக்கும், கெட்டியாகப் பிடிக்க வேண்டும் என்பது அந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் குனிந்து, பலங்கொண்டமட்டும் இறுக்கிப் பிடித்தாள்.

கொக்கிகள் உள்ளங்கையில் இறங்கின.

அவள் உடம்பு ஒருமுறை உதறியது. கண்ணில் நீர் தெறித்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. விரல்களை விரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. விரலிடுக்கில் ரத்தம் வழிந்து, அவளுக்கு முன்னால் ஓடி, கல்லைத் தொட்டது. யாரும் வேட்டு போடவில்லை. அம்மன் கேட்கிறாள், பிள்ளைக்காகக் கேட்கிறாள் என்றுதான் அவள் நினைத்தாள். முறை என்னவோ அதைச் செய்து முடிக்க வேண்டும். கையை மெல்லத் தூக்கி, கண்ணை நோக்கிக் கொண்டுபோனாள். வாலில் இருந்த இன்னொரு கொக்கி வெயிலில் மின்னியது.

ஏகாம்பரம் கால்வாய்க்குள் குதித்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கொக்கி அவள் இமைக்கு விரல்கடை தூரத்தில் நின்றது.

"அது மரம், சந்திரம்மா. வாத்தியாரோட மரம்" என்றான்.

சந்திரம்மா நிமிர்ந்து பார்த்தாள். முதலில் அவன் கண்களை. பிறகு கழுத்தில் தொங்கிய மஞ்சள் துணியை. பிறகு அசைந்துகொண்டிருந்த அவன் வாயை.

கை கிழிந்தபோது முனகாதவள், அந்த வாயைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.